நாலு ஆடு வச்சிருக்கிற குடும்பத்துக்கும் ஒரு நாதி வேண்டும்!

(அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார ஊர்க் கூட்டங்களில் சங்கச் செயலாளர் பேசிய உரையின் எழுத்து வடிவம்)

 

பருத்தி விலைக்காகக் கூட்டம் போட்டோம். மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தபோது கூட்டம் போட்டோம். பயிர்க் காப்பீட்டுக்காக நடையாய் நடந்தோம். இன்றைக்கு வெள்ளாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "என்னப்பா, சங்கத்துக்காரங்க ஆடு மேய்க்கவா சொல்லித்தரப் போறாங்க?" என்று பின்னால் யாரோ சிரிக்கிறது கேட்கிறது. சிரிக்கட்டும். ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

போன தடவை மழை ஏமாற்றியபோது உங்கள் வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் எங்கிருந்து வந்தது? கரிசலில் போட்ட பருத்தியிலிருந்தா? செவலில் போட்ட உளுந்திலிருந்தா? இல்லை. பட்டியில் கட்டியிருந்த கிடாக்குட்டியை அவிழ்த்து யாவாரி கையில் கொடுத்தோமே, அதிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரிச் செலவா, ஆடு. தங்கச்சி வீட்டுச் சடங்குக்குச் செய்முறையா, ஆடு. குண்டாறு வறண்டு, கண்மாய் வெடித்துக் கிடக்கிற வருசத்திலும் நம்மைக் கைவிடாத ஒரே பயிர் நாலு கால் பயிர்தான்.

நம்ம வட்டாரத்தில் கிணறும் மோட்டாரும் உள்ளவன் மல்லிகை போடுவான், வெங்காயம் போடுவான். மானாவாரிக்காரனுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. அந்த மானாவாரிக்காரன் வீட்டுப் பெண்கள்தான் ஆடு வளர்க்கிறார்கள். அதனால் இது பெண்களின் பிரச்சினையும் கூட. இந்தக் கூட்டத்துக்குத் தாய்மார்கள் கட்டாயம் வரவேண்டும் என்று சொன்னதற்கு அதுதான் காரணம்.

மானியம் யாருக்கு?

அரசாங்கம் ஆட்டுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்வோம்.

2011-இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு விலையில்லா ஆடு கொடுக்கும் திட்டம் கொண்டுவந்தது. குடும்பத்துக்கு 4 ஆடு. 2021-22-இல் கணவனை இழந்த, கைவிடப்பட்ட, ஆதரவற்ற பெண்களுக்கு 5 ஆடு கொடுக்கும் திட்டம் வந்தது. 388 ஒன்றியம், ஒன்றியத்துக்கு 100 பேர், மொத்தம் 38,800 பேர். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு ஒன்றியத்தில் எத்தனை ஊராட்சி? அதில் 100 பேர் என்றால் ஊருக்கு எத்தனை பேர் வரும்? நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மத்திய அரசு 2021-இல் தேசிய கால்நடை இயக்கத்தைத் திருத்தியமைத்தது. 500 பெட்டை ஆடும் 25 கிடாவும் வைத்துப் பண்ணை போட்டால் செலவில் பாதி, 50 லட்சம் ரூபாய் வரை மானியம். பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, 100 பெட்டை, 5 கிடா என்றாலும் 10 லட்சம் வரை தருகிறோம் என்றார்கள். நம்ம ஊரில் 100 ஆட்டுக்குக் கொட்டகை போட்டு, பாதிப் பணத்துக்கு வங்கிக்கு ஜாமீன் காட்ட யாரால் முடியும்? நாலு ஆடு, ஆறு ஆடு வைத்திருக்கிறவன் இந்தத் திட்டத்தில் எந்த இடத்தில் வருகிறான்? எந்த இடத்திலும் வரவில்லை!

2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் வெள்ளாடு சுமார் 98 லட்சத்து 88 ஆயிரம். 2012-இல் சுமார் 81 லட்சம்தான். ஏழு வருசத்தில் 17 லட்சத்துக்கு மேல் கூடியிருக்கிறது. இதைக் கூட்டியது பெரிய பண்ணைக்காரன் மட்டுமா? தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு குழை ஒடித்துப் போட்ட நம்ம வீட்டுப் பெண்கள் கூட்டியது. கணக்கில் நம்ம ஆட்டைச் சேர்த்துக்கொள்கிறார்கள். மானியத்தில் நம்மைச் சேர்த்துக்கொள்வதில்லை.

எங்கள் வீட்டுக் கதை

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். இதே கதை உங்களில் பல பேர் வீட்டிலும் நடந்திருக்கும்.

சில வருசத்துக்கு முந்தி ஒரு கார்த்திகை மாதம். பட்டியில் 9 ஆடு. முதலில் ஒரு ஆட்டுக்கு மூக்கு ஒழுகியது. சளி என்று நினைத்து வெற்றிலையும் மிளகும் அரைத்துக் கொடுத்தோம். மறுநாள் கண்ணில் பீளை, வாயில் புண், அப்புறம் கழிச்சல். பத்து நாளில் 6 ஆடு போய்விட்டது. மருந்துக்குப் போன இடத்தில், "ஆட்டுக்கொல்லி நோய் வந்திருக்கு, தடுப்பூசியை முன்னாடியே போட்டிருக்கணும், இப்பப் போட்டுப் பிரயோசனமில்லை" என்றார்கள். முன்னாடி எப்போது போட்டார்கள் என்று ஊரில் விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்த டாக்டரை நாங்கள் குறை சொல்லவில்லை. ஒரே ஆள் எத்தனை ஊருக்குத்தான் ஓடுவார்?

செத்த ஆடுகளில் ஒன்று ஈன்று நாலு நாள்தான் ஆகியிருந்தது. ரெட்டைக்குட்டி, ஒன்று கிடா, ஒன்று பெட்டை. கிடாக்குட்டி மறுநாளே போய்விட்டது. பெட்டைக்குட்டியைத் தனியாகக் கட்டியிருந்தோம். நோய் அண்டாத தெக்குத் தெருவில் இருக்கிற அத்தை, தன் ஆட்டுப்பாலைக் கறந்து காலையும் மாலையும் ஒரு டம்ளர் கொடுத்துவிட்டார்கள். "காசு எவ்வளவு அத்தை?" என்று கேட்டதற்கு, "காசு வேணாம்யா. இந்தப் பெட்டைய மட்டும் யாவாரிக்கு வித்துறாதீக" என்றார்கள்.

அடுத்த ஆடியில் பணமுடை. யாவாரி வந்து அந்தப் பெட்டையைத்தான் கையைக் காட்டினார். நல்ல விலையும் சொன்னார். அவிழ்த்துக் கொடுக்கக் கயிற்றில் கை வைத்துவிட்டோம். வீட்டில் இருந்தவர்கள், "அத்தைக்கு என்ன பதில் சொல்லுவீக?" என்று ஒரு கேள்வி கேட்டார்கள். கயிற்றை விட்டுவிட்டோம். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிச் சமாளித்தோம். இன்றைக்கு எங்கள் பட்டியில் நிற்கிற 11 ஆடும் அந்த ஒரு பெட்டையின் வம்சம்.

நம் பக்கத்துத் தவறு

அரசாங்கத்தைக் கேட்பதற்கு முன்னால் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது இது.

நாம் எந்தக் குட்டியை முதலில் விற்கிறோம்? கொழுத்த கிடாவை, வளர்த்தியான பெட்டையை. எது மிஞ்சுகிறது? நோஞ்சான் கிடாவும், பால் இல்லாத ஆட்டின் குட்டியும். அந்த மிச்சக் கிடாவே தாயோடும் அக்கா தங்கச்சியோடும் சேர்கிறது. பிறகு "குட்டி சின்னதாப் பொறக்குது, தாங்க மாட்டேங்குது" என்று அங்கலாய்க்கிறோம். கிடா பட்டியில் பாதி என்று பெரியவர்கள் சொன்னதை மறந்துவிட்டோம்.

வெளியூர் கிடா வாங்கினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். போயர், தலைச்சேரி, ஜமுனாபாரி என்று விளம்பரம் பார்த்துக் கடன் வாங்கி இறக்குகிறார்கள். ஜமுனாபாரி வடக்கே யமுனை, சம்பல் ஆற்றுப் பக்கத்து ஆடு. தலைச்சேரி மழை கொட்டுகிற மலையாளக் கரை ஆடு. அவை நம்ம ஆட்டைவிடப் பால் கூடுதலாகக் கறக்கும், உண்மைதான். ஆனால் தீவனமும் கவனிப்பும் அதற்குத் தக்கபடி கொடுக்கவேண்டும். வெயிலில் அஞ்சு மைல் நடந்து வேலிக்கருவை நெத்தைப் பொறுக்கித் தின்று வயிறு நிரப்புகிற வேலை நம்ம கன்னி ஆட்டுக்குத்தான் கைவந்தது.

கன்னி ஆடு விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையின் சொத்து. கறுப்பு உடம்பு, முகத்தில் ரெண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி. செம்பழுப்புக் கோடு இருந்தால் செங்கன்னி. ரெட்டைக்குட்டி ஈனுவது இதில் சகஜம். கிழக்கே கடலோரம் கொடி ஆடு. உயரமான ஆடு. வெள்ளையில் கறுப்புத் தெளித்தால் கரும்போரை, சிவப்புத் தெளித்தால் செம்போரை. இவற்றை நாமே கலப்படம் செய்து அழித்துவிட்டால் நாளைக்கு எங்கே போய்த் தேடுவது?

ஆகவே ஒவ்வொரு வீடும் இவற்றைக் கடைப்பிடிக்கவேண்டும்:

பால் உள்ள தாய்க்குப் பிறந்த ரெட்டைக்குட்டியில் நல்ல பெட்டையை விற்காதீர்கள். கிடாவும் அப்படிப்பட்ட தாயின் குட்டியாகப் பார்த்து நிறுத்துங்கள். 20, 25 பெட்டைக்கு ஒரு கிடா போதும். அப்படியானால் வீட்டுக்கு ஒரு கிடா தேவையில்லை, தெருவுக்கு ஒன்று போதும். ரெண்டு வருசத்துக்கு ஒருமுறை அடுத்த ஊர்க் கிடாவோடு மாற்றிக்கொள்ளுங்கள். மற்றக் கிடாக்குட்டிகளை மூணு மாதத்துக்கு மேல் பெட்டைகளோடு விடாதீர்கள். காயடித்துவிடுங்கள், இல்லை தனியாகக் கட்டுங்கள்.

பெட்டைக்கு ஒரு வயது நெருங்கி, உடம்பு தேறிய பிறகே கிடாயுடன் சேருங்கள். 18 முதல் 21 நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். கத்தும், வாலை ஆட்டும், ஒருநாள் இல்லை ரெண்டு நாள் இருக்கும். காலையில் தெரிந்தால் சாயங்காலம் சேர்த்து, மறுநாள் காலையில் இன்னொரு தடவை சேருங்கள். சினைக்காலம் 150 நாள். ஆடிக் கடைசி, ஆவணியில் சேர்த்தால் மார்கழிக் கடைசி, தையில் குட்டி விழும். அடைமழை ஓய்ந்திருக்கும், பச்சையும் இருக்கும், கதிர் அறுத்த காட்டில் மேய்ச்சலும் கிடைக்கும்.

பாலைப் பற்றி

ஆட்டுப்பால் என்றால் இன்றைக்குப் பிள்ளைகள் மூக்கைப் பிடிக்கிறார்கள். நம்ம பாட்டிமார் காலத்தில் காலைக் காப்பியே ஆட்டுப்பாலில்தான். காந்தியடிகள் 1919 வாக்கில் நோயில் விழுந்து எழுந்தபிறகு கடைசிவரை குடித்தது ஆட்டுப்பால்தான். அதில் கொழுப்பு மணிகள் சிறிசு, லேசில் செரிக்கும். கிடா வாடை வேண்டாம் என்றால் கிடாவைத் தள்ளிக் கட்டி, மடியைக் கழுவிக் கறந்து, உடனே காய்ச்ச வேண்டும். காய்ச்சாத பாலைக் குடிக்கவே கூடாது, கன்றுவீச்சுக் காய்ச்சல் கிருமி மனுசனுக்கும் வரும். கைக்குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். அதன் பிறகும் ஆட்டுப்பாலை மட்டுமே நம்பி வளர்க்கக்கூடாது, இரத்தசோகை வரும்.

நம்ம நாட்டு ஆடு அரைப்படி, ஒரு படி என்று கொட்டாது. குட்டிக்குப் போக வீட்டுக்குக் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். ஈன்ற ஒரு மணி நேரத்துக்குள் குட்டிக்குச் சீம்பால் போகவேண்டும். முதல் ஒரு மாதம் பால் முழுதும் குட்டிக்கு. அதன் பிறகு ராத்திரி குட்டியைப் பிரித்துக் கட்டி, காலையில் ஒருவேளை கறந்துகொண்டு, பகலெல்லாம் குட்டியை விட்டுவிடுங்கள். குட்டியும் கெடாது, வீட்டுப் பிள்ளைக்கும் பால் கிடைக்கும். கடையில் பாக்கெட் பால் வாங்குகிற காசு மிச்சம்.

கென்யா நாட்டில் மேரு என்று ஒரு பகுதி. நம்மைப்போல் துண்டு நிலக்காரர்கள். 1996-இல் ஒரு தொண்டு நிறுவனத்தின் உதவியோடு டோகன்பர்க் என்ற பால் ஆட்டுக் கிடாக்களைக் கொண்டுவந்து விவசாயிகளின் குழுக்களிடம் விட்டார்கள். கிடாவை ஒரு வீட்டுக்காரர் வளர்ப்பார், மற்றவர்கள் தங்கள் ஆட்டை ஓட்டிவந்து சிறு கட்டணம் கொடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். எந்தக் குட்டி எந்தக் கிடாவுக்குப் பிறந்தது என்று நோட்டில் எழுதினார்கள். பிறகு விவசாயிகளே ஆடு வளர்ப்போர் சங்கம் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் ஆடு நமக்கு வேண்டாம். அந்த முறை வேண்டும். பொதுக்கிடாவும் ஒரு நாற்பது பக்க நோட்டும் இருந்தால் நம்ம ஊரிலும் நடக்கும்.

மேய்ச்சல் தரை எங்கே?

ஊருக்கு ஊர் மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளி என்று அந்தக் காலத்தில் ஒதுக்கிவைத்தார்கள். இன்றைக்கு வரைபடத்தில் இருக்கிறது, காட்டில் போய்ப் பார்த்தால் வேலியும் வரப்பும்தான் இருக்கிறது. பக்கத்துக் கமுதியில் 2016-இல் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பி வேலிக்குள் போன தரிசில் இனி நம்ம ஆடு கால் வைக்க முடியாதே, அதற்கு மாற்று எங்கே என்றுதான் கேட்கிறோம்.

கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 2011 ஜனவரி 28-இல் உச்சநீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே ஒப்படைக்க மாநில அரசுகள் திட்டம் போடவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. ஐக்கிய நாடுகள் சபையோ 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல்காரர்களுக்குமான சர்வதேச ஆண்டு என்று அறிவித்தது. உலகம் பேசுகிறது. நம்ம ஊர் கிராம சபையில் நாம் பேசுகிறோமா? ஆக்கிரமித்தவர்களில் நம்ம சொந்தக்காரன், நம்ம கட்சிக்காரன் இருக்கிறான் என்று வாயை மூடிக்கொள்கிறோம். இனி மூடக்கூடாது.

கேட்டால் கிடைக்குமா என்று சந்தேகமா? காங்கயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் கூட்டமாக வந்து பட்டி பட்டியாக ஆடுகளைக் கடித்துக் கொன்றன. விவசாயிகள் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். 2025-இல் அரசு இழப்பீடு அறிவித்தது. ஆடு தானாக மனுக்கொடுக்காது. நாம்தான் கொடுக்கவேண்டும்.

நமது கோரிக்கைகள்

1. ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி ஒருதடவை சரியாகப் போட்டால் மூன்று வருசம் வரை தாங்கும். 2030-க்குள் இந்த நோயை உலகத்தைவிட்டே ஒழிப்பது என்று சர்வதேச அமைப்புகள் இலக்கு வைத்திருக்கின்றன. அடைமழைக்கு முன்பே ஊர் ஊராக முகாம் போட்டு இந்த ஊசியும் துள்ளுமாரி ஊசியும் போடவேண்டும். முகாம் தேதியைத் தண்டோரா போட்டுச் சொல்லவேண்டும்.

2. ஊராட்சிக்கு இரண்டு நல்ல கன்னி அல்லது கொடிக் கிடாக்களை மகளிர் குழுக்களிடம் கொடுத்து, பராமரிப்புக்கு உதவித்தொகை தரவேண்டும்.

3. 100 ஆட்டுக்கு மானியம் தருகிற அரசு, 5 பெட்டை வைத்திருக்கிற குடும்பத்துக்கும் கொட்டகைக்கும் தீவனத்துக்கும் மானியம் தரவேண்டும்.

4. 2024-இல் ஆட்டுக் காப்பீட்டில் விவசாயி கட்டவேண்டிய பங்கைப் பிரிமியத்தில் 15 சதவீதமாகக் குறைத்தார்கள். இது எத்தனை பேருக்குத் தெரியும்? தடுப்பூசி முகாமிலேயே காதுவில்லை போட்டுக் காப்பீட்டில் சேர்க்கவேண்டும்.

5. மேய்ச்சல் புறம்போக்கை அளந்து கல் ஊன்றி, விவரத்தை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்கவேண்டும். ஓரங்களில் வேம்பு, அகத்தி, உடை, கிளுவை நட நூறுநாள் வேலை ஆட்களை விடவேண்டும்.

6. எட்டயபுரம், திருமங்கலம் சந்தைகளில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற காலம் போதும். நம்ம வட்டாரச் சந்தைகளில் எடைமேடை வைத்து, உயிர் எடைக்கு விலை போடவேண்டும்.

முடிவாக

தாய்மார்களே, விவசாயிகளே! நாலு பெட்டை, ஈத்துக்கு ஒன்றரைக் குட்டி, இரண்டு வருசத்தில் மூணு ஈத்து என்றால் 18 குட்டி. பாதி செத்தால் 9. நோயில் சாகிற குட்டியைக் காப்பாற்ற ஊசி அரசாங்கம் போடவேண்டும். நல்ல குட்டியை விற்காமல் நிறுத்த நாம் மனசு வைக்கவேண்டும். ரெண்டும் சேர்ந்தால்தான் பட்டி நிறையும்.

அடுத்த கிராம சபையில் ஒவ்வொரு ஊரிலும் மேய்ச்சல் தரைத் தீர்மானத்தை எழுந்து நின்று கேளுங்கள், எழுத்தில் பதியச் சொல்லுங்கள். ஆட்டுக்கு நோய் கண்டால் கைவைத்தியத்தோடு நிற்காமல் 1962 என்ற எண்ணுக்குப் போன் அடித்து கால்நடை ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். உங்கள் ஊரில் கடைசியாக எப்போது ஊசி போட்டார்கள், போன மழைக்கு எத்தனை ஆடு செத்தது என்று வீடு வீடாக எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். அந்தக் கணக்கோடு, நம்ம ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போவோம். தேதியை ஊர்க் கிளைகள் உங்களுக்குச் சொல்லும்.

தெக்குத் தெரு அத்தை காசு கேட்கவில்லை. நல்ல பெட்டையை விற்காதே என்றுதான் கேட்டார்கள். நாங்களும் உங்களிடம் முதலில் கேட்பது அதைத்தான். மற்றதை அரசாங்கத்திடம் எல்லோரும் சேர்ந்து கேட்போம்.

மேய்ச்சல் தரையை மீட்போம்!
நாட்டு ஆட்டைக் காப்போம்!
ஓங்குக விவசாயிகள் ஒற்றுமை!